தோம்பும் கணனியும்: நிலப்படத் தொழிலுக்கான கல்வி – ஒரு வரலாற்று நோக்கு

நிலத்தை அளப்பதும் அளந்ததைக் குறித்து வைப்பதும் அரசுகள் தோன்றிய காலந்தொட்டு நடைபெற்றுவரும் கருமங்களாகும். ஆயின் அவ்வேலையைச் செய்வதற்கு ஒருவர் எவ்வாறு தகுதி பெற்றார், யாரிடம் கற்றார், எந்த வாயிலினூடாகத் தொழிலுட் புகுந்தார் என்னும் வினாக்கள் வரலாற்று நூல்களில் அதிகம் எழுப்பப்படுவதில்லை. படத்தை வெளியிட்ட அரசின் பெயரும் அளவைக்குத் தலைமை தாங்கிய அதிகாரியின் பெயரும் நிலைத்து நிற்க, சங்கிலி பிடித்தவனும் இருந்து கணக்கிட்டவனும் மறக்கப்படுதலே வழக்கமாயிற்று.

இன்று புவியியல் தகவல் முறைமை என வழங்கப்படும் துறை இந்நீண்ட மரபின் அண்மைக்காலக் கிளையாகும். வீதி, வயல், வாய்க்கால், குடிமனை, மண்சரிவு அபாயமுள்ள மலைச்சரிவு ஆகிய ஒவ்வொன்றையும் அதன் அமைவிடத்தோடு சேர்த்துக் கணனியிற் பதிந்து, அடுக்கடுக்காக ஒழுங்குபடுத்தி, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து ஆராய்ந்து, விடையைப் படமாகவும் அட்டவணையாகவும் தருவதே இம்முறைமையின் தொழிலாகும். அரச திணைக்களங்கள் முதல் தனியார் நிறுவனங்கள்வரை இதனை நாடுகின்றன. இத்தொழிலுக்குச் செல்லும் கல்விப் பாதைகள் எவ்வாறு உருவாயின என்பதனை வரலாற்று முறையில் நோக்குமிடத்து ஓருண்மை தெளிவாகின்றது. ஆட்பற்றாக்குறை நேர்ந்தபோதெல்லாம் இத்தொழிலின் வாயில் அகலத் திறந்தது. தொழில் நிலைபெற்ற பின்னர் சான்றிதழ்கள் அவ்வாயிலை ஒடுக்கின. கருவி மாறிய ஒவ்வொரு முறையும் கருவியைப் பற்றிய அறிவு வளர்ந்தது. நிலத்தைப் பற்றிய அறிவு பின்தங்கும் அபாயமும் உடன் வந்தது.

பிறப்புவழிக் கல்வி

தமிழ்நாட்டிற் சோழப் பெருமன்னன் முதலாம் இராசராசன் காலத்தில் (985 – 1014) நாடு முழுவதும் அளக்கப்பட்டமையைக் கல்வெட்டுகளால் அறிகின்றோம். நிலமளந்த கோல் 'உலகளந்த கோல்' எனப் பெயர் பெற்றது. வேலியின் மிகச் சிறிய பின்னங்களையும் கணித்து இறை விதித்த அவ்வளவையைச் செய்தோர் கணக்கறிவிற் சிறந்தவராய் இருந்திருத்தல் வேண்டும். பிற்காலக் கிராமங்களில் கணக்குத் தொழில் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் உரிமையாய் இருந்தது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனனஞ் செய்த சிறுவன் முந்திரி, காணி, மா என்னும் பின்னங்களை நாவிற் பதித்த பின்னரே கணக்கனின் பக்கத்தில் அமர்ந்து ஏடெழுதப் பழகினான். இக்கல்வியில் நிலத்தை அறிதலும் கணக்கை அறிதலும் பிரிந்திருக்கவில்லை. ஆனால் இக்கல்வியின் வாயில் பிறப்பினால் அடைக்கப்பட்டிருந்தது.

இலங்கையிற் போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரித்த 'தோம்பு' எனும் நிலப்பதிவேடு இதற்கு அடுத்த கட்டத்தைக் காட்டுவது. காணியின் பெயர், உடையவரின் பெயர், பரப்பு, மரங்கள், செலுத்தவேண்டிய வரி ஆகியன அதில் எழுதப்பட்டன. யாழ்ப்பாணத்துக் காணியுறுதிகளில் இன்றும் பரப்பும் குழியும் அளவுகளாய் நிற்றலும், நாற்றிசை எல்லைகள் அயற்காணிக்காரரின் பெயர்களாற் குறிக்கப்படுதலும் கருதத்தக்கன. எல்லை என்பது அங்கு ஓர் உறவாகவே எழுதப்பட்டுள்ளது. பிற்காலத்தில் அளவையாளரின் வரைபடம் அவ்வுறவினைக் கோணமும் நீளமுமாக மாற்றியது. அம்மாற்றத்தைச் செய்வதற்குப் புதியதொரு கல்வி வேண்டியதாயிற்று.

சென்னை அளவைப் பாடசாலை

அக்கல்வியின் தொடக்கங்களுள் ஒன்றைச் சென்னையிற் காணலாம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சிப்பரப்பு வேகமாக விரிந்தது. அந்நிலங்களை அளந்தாலன்றி வரி விதிக்க இயலாது. ஆனால் ஐரோப்பிய அளவையாளர் மிகச் சிலரே இருந்தனர். அவருக்குக் கொடுக்கவேண்டிய வேதனமோ பெரிது. இந்நிலையில் மைக்கேல் ரொப்பிங் என்னும் அளவையாளர் ஒரு வழி கண்டார். கம்பனிப் படைவீரர்களின் பிள்ளைகளுக்கெனச் சென்னையில் அமைந்திருந்த அநாதைச் சிறுவர் இல்லத்திலிருந்து சிறுவர்களைத் தெரிந்தெடுத்து அவர்களுக்கு அளவைத் தொழிலைக் கற்பிப்பதே அவ்வழி. 1794ஆம் ஆண்டில் எட்டு மாணவருடன் அப்பாடசாலை தொடங்கப்பெற்றது. 1796இல் ரொப்பிங் இறந்தபின் வானியலாளர் கோல்டிங்காம் அதனை நடத்தினார். கிண்டிப் பொறியியற் கல்லூரி தன் வரலாற்றை இப்பாடசாலையிலிருந்தே கணிக்கின்றது. அக்கல்லூரியை உள்ளடக்கிய அண்ணா பல்கலைக்கழகத்தில் 1982இல் தொலையுணர்வு நிறுவகம் அமைக்கப்பட்டமையையும் சேர்த்து நோக்கின், சங்கிலி பிடித்த சிறுவர் தொட்டுச் செய்மதிப் படங்களை ஆராயும் பட்டதாரிகள் வரை ஒரே மரபு தொடர்ந்து வருதல் புலனாகும்.

அச்சிறுவர் பெரும்பாலும் ஐரோப்பியத் தந்தையர்க்கும் இந்தியத் தாய்மார்க்கும் பிறந்தவர்கள். அவர்களுக்குப் படையிலோ நிருவாகத்திலோ உயர்ந்த பதவிகள் கிட்டும் வாய்ப்பு அக்காலத்திற் குறைவு. கணிதமும் வரைதலும் சிறிது கற்றபின் தொழில்பயிலுநராய் வெளிக்களத்திற்கு அனுப்பப்பட்டனர். கொலின் மக்கன்சி மைசூர் நாட்டை அளந்தபோதும், வில்லியம் லாம்ரன் 1802ஆம் ஆண்டில் சென்னையின் பரங்கிமலையருகே அடித்தளக் கோட்டை அளந்து பெருமுக்கோண அளவையைத் தொடங்கியபோதும் இத்தகைய இளைஞரே உதவியாளராயினர். அவருள் ஒருவரான ஜோசுவா டி பென்னிங் லாம்ரனின் கீழ்ப் பயின்று, பின்னர் கல்கத்தாவிற் கணிப்பகத்தின் தலைமையை ஏற்குமளவிற்கு உயர்ந்தார். கொடை இல்லத்தில் வளர்ந்தோர் முன்னேறுதற்கு இத்தொழில் ஒரு படியாயிற்று என்பது உண்மை. அவர்களின் உழைப்பு மலிவாகக் கிடைத்தமையாலேயே அப்படி அமைக்கப்பட்டது என்பதும் உண்மையே.

பெயர் பெறாத கணிப்பாளர்

முக்கோண அளவையில் வெளிக்களத்திற் கோணங்களைத் தியோடலைற்றினால் அளப்பது பாதி வேலையே. மீதிப் பாதி கணிப்பகத்தில் நடைபெறுவது. ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால் ஏனைய பக்கங்களைக் கணிக்கலாம். ஆனாற் புவியின் வளைவு, ஒளிக்கதிர் வளிமண்டலத்தில் முறிதல், கருவியின் வழு என்பவற்றுக்கெல்லாம் திருத்தங் காணல் வேண்டும். இக்கணக்குகளைச் செய்தவர் அக்காலத்திற் 'கம்பியூற்றர்' என்றே அழைக்கப்பட்டனர். இன்று இயந்திரத்தைக் குறிக்கும் அச்சொல் அன்று மனிதரைக் குறித்தது.

கல்கத்தா இந்துக் கல்லூரியிற் கணிதம் பயின்ற இராதாநாத் சிக்தார் 1831இல் அத்தகைய கணிப்பாளராகச் சேர்ந்தார். அநாதை இல்லத்துச் சிறுவர் தொழிலைப் பழகிப் பின்னர் கணிதத்தை அறிந்தனர். சிக்தாரோ உயர்கணிதத்தை முதலிற் கற்றுப் பின்னர் தொழிலுக்கு வந்தார். கல்லூரிக் கல்வி வழியாக இத்துறையினுட் புகும் பாதைக்கு அவரை முன்னோடியாகக் கொள்ளலாம். பதினைந்தாம் சிகரம் என எண்ணால் மட்டும் வழங்கப்பட்ட இமயமலைச் சிகரமே உலகில் உயர்ந்தது என்பதை 1852இல் அவருடைய கணிப்புகள் காட்டின. 29,002 அடி என்னும் உயரம் 1856இல் அறிவிக்கப்பட்டது. 1865இல் அச்சிகரம் அளவையின் முன்னாள் தலைவர் எவரெஸ்றின் பெயரைப் பெற்றது. இந்திய அளவையின் கைந்நூலுக்குச் சிக்தார் செய்த பங்களிப்பு 1851ஆம் ஆண்டுப் பதிப்பிற் குறிப்பிடப்பட்டிருந்தது. அவர் 1870இல் மறைந்தபின், 1875இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் அக்குறிப்பு நீக்கப்பட்டது. இச்செயல் அக்காலப் பத்திரிகைகளிலேயே கண்டனத்துக்குள்ளாயிற்று. வாயில் திறந்திருந்தபோதும் உள்ளே புகுந்தோர்க்குரிய இடம் சமமாய் இருக்கவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

நைன்சிங் ராவத்தின் கல்வி வேறு வகையினது. இமயமலைக் கிராமமொன்றின் பாடசாலை ஆசிரியரான அவரை டெராடூனுக்கு அழைத்து அளவை அதிகாரிகள் பயிற்றினர். ஒவ்வோரடியும் ஒரே நீளமாக விழும்படி நடக்கப் பழகினார். நூற்றெட்டு மணிகளுக்குப் பதிலாக நூறு மணிகள் கோத்த செபமாலையால் அடிகளை எண்ணினார். நீரின் கொதிநிலையிலிருந்து உயரத்தைக் கணித்தார். ஐரோப்பியர் புகமுடியாதிருந்த திபெத்துக்கு யாத்திரிகராய்ச் சென்று 1866இல் இலாசாவை அடைந்தார். 1877இல் இலண்டன் அரச புவியியற் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. அளவைக் கருவிகளை வெளிப்படையாகக் கொண்டுசெல்ல இயலாத இடத்தில் மனிதனின் நடையையே கருவியாக்கிய பயிற்சி அது.

இலங்கையின் அளவைக் கல்வி

இலங்கையில் ஆள்பதி பிரடெரிக் நோர்த் 1800ஆம் ஆண்டு ஓகஸ்ற் 2ஆம் நாள் நில அளவைத் திணைக்களத்தைத் தோற்றுவித்தார். இத்தீவின் பழைமைமிக்க அரச திணைக்களங்களுள் அது ஒன்றாகும். ஜோசப் ஜொன்வில் என்பவர் அதன் முதற்றலைவரானார். கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்காகக் காணிகள் விற்கப்பட்ட 19ஆம் நூற்றாண்டில் அளவையாளருக்கான தேவை பெருகியது. 1897இற் தொடங்கி 1924இல் நிறைவுற்ற அளவையினால் தீவு முழுவதும் மைலுக்கு ஓரங்குலம் என்னும் அளவுத்திட்டத்திற் படமாயிற்று. காடும் மேடும் நடந்து திரிந்த அளவையாளர் தலைமுறைகளின் உழைப்பு அத்தாள்களிற் செறிந்துள்ளது.

அவ்வாறு நடந்தோருள் ஆர். எல். புரோகியரைச் சிறப்பாகக் குறிப்பிடல் வேண்டும். நில அளவைத் திணைக்களத்திற் பணியாற்றிய அவர், காட்டினுள் மறைந்து கிடந்த குளக்கட்டுகளையும் கால்வாய்களையும் தம் தொழிலின் போதே கண்டறிந்தார். பண்டைய நீர்ப்பாசன வேலைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1934 – 35இல் மூன்று பாகங்களாய் வெளிவந்தது. அளவைத் தொழில் ஒருவரை வரலாற்றறிஞராக ஆக்கிய அரிய எடுத்துக்காட்டு அது. கோடு வரைவதற்காகச் சென்றவர், அக்கோடு எதனூடே செல்கின்றதென்பதையும் பார்த்தார். தியத்தலாவையில் அமைந்த அளவைப் பயிற்சி நிறுவனமும் வெளிக்களப் பயிற்சியையே தன் கல்வியின் உயிர்நாடியாகக் கொண்டது.

1950களில் விமான ஒளிப்படம் இக்கல்வியில் முதலாவது பெருமாற்றத்தைக் கொணர்ந்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவின் உதவியுடன் 1956இல் இலங்கை முழுவதும் வானிலிருந்து படம் பிடிக்கப்பட்டது. அப்படங்களை ஆதாரமாகக் கொண்டே ஆற்றுவடிநிலங்களின் வள ஆய்வுகள் நடைபெற்றன. இரு படங்களைத் திண்மக்காட்டியில் வைத்து நோக்கி மண்ணையும் காட்டையும் பிரித்தறியும் திறன் புதிய தகைமையாயிற்று. அதனைக் கற்பிப்பதற்கென நெதர்லாந்தின் முன்னாட் பிரதமர் ஸ்கெர்மர்கோன் 1950இல் டெல்வ்ற் நகரில் நிறுவிய சர்வதேசப் பயிற்சி நிலையம் வளர்முக நாடுகளின் அலுவலர் பலருக்குப் பாடசாலையாக விளங்கியது. 1971இல் அந்நிலையம் என்ஸ்கெடே நகருக்கு இடம்பெயர்ந்தது. அதன் ஒத்துழைப்புடன் 1966இல் டெராடூனிலும் விமானப்பட விளக்க நிறுவனமொன்று அமைந்தது. புலமைப்பரிசில் பெற்றுக் கடல்கடந்து கற்றுத் திரும்பும் பாதை இவ்வாறு தோன்றியது. அப்பாதையிற் செல்லுதற்கு அரச உத்தியோகமும் ஆங்கில அறிவும் வேண்டியிருந்தன.

கணனியின் வருகை

கணனி இத்துறையினுட் புகுந்தமைக்கும் ஆட்பற்றாக்குறையே காரணம் என்பது சிந்திக்கற்பாலது. இங்கிலாந்திற் பிறந்து புவியியல் பயின்ற ரொஜர் ரொம்லின்சன் கனடாவின் ஒட்டாவா நகரில் விமானப்பட நிறுவனமொன்றிற் பணியாற்றினார். கென்யாவில் மரத்தோட்டம் அமைத்தற்கேற்ற இடத்தைத் தெரிவுசெய்யும் பணி அந்நிறுவனத்துக்குக் கிடைத்தது. சரிவு, மண், மழை, போக்குவரத்து முதலிய பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிடல் வேண்டும். கையாற் செய்யின் அதற்காகும் செலவை எவராலும் தாங்க முடியாதென ரொம்லின்சன் கண்டார். கணனியால் அதனைச் செய்யலாம் என்னும் எண்ணம் அப்போதே தோன்றியது.

1962இல் விமானப் பயணமொன்றின்போது அவர் லீ பிராற் என்னும் கனடிய அரச அதிகாரியைத் தற்செயலாகச் சந்தித்தார். நாட்டின் நிலவளத்தைக் கணக்கெடுக்கும் பெருந்திட்டத்தைப் பிராற் அப்போது வகுத்துக்கொண்டிருந்தார். அத்திட்டத்தின் படங்களைக் கையால் ஆராய்வதற்கு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சி பெற்றோர் மூன்றாண்டுகள் உழைக்கவேண்டும் என மதிப்பிடப்பட்டது. அத்தகைய பயிற்சியுடையோர் அத்தனை பேர் கனடாவில் இருக்கவில்லை. 1794இற் சென்னையில் ஆளில்லாக் குறையைத் தீர்க்க அநாதைச் சிறுவர் அழைக்கப்பட்டனர். 1960களிற் கனடாவில் இயந்திரம் அழைக்கப்பட்டது. கனடியப் புவியியல் தகவல் முறைமை இவ்வாறு பிறந்தது. படங்களை வருடிப் பதியும் உருளைக்கருவி அதற்கெனவே செய்யப்பட்டது. நிலத்துண்டுகளின் எல்லைக் கோடுகள் எண்களாகச் சேமிக்கப்பட்டன. மண்ணின் படத்தையும் நிலப்பயன்பாட்டின் படத்தையும் கணனியே பொருத்தி, இரண்டும் சேரும் பரப்பினைக் கணித்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு பாதை உருவாயிற்று. கட்டடக்கலைஞரான ஹவார்ட் பிஷர் 1965இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் கணனி வரைவியல் ஆய்வுகூடத்தை அமைத்தார். எழுத்துகளை அச்சிடும் சாதாரண அச்சுப்பொறியைக் கொண்டே படம் வரையும் செய்நிரல் அங்கு விருத்தி செய்யப்பட்டது. கட்டடக்கலைஞர், புவியியலாளர், கணிதவியலாளர், நகரத் திட்டமிடுவோர் ஆகியோர் ஒரே கூடத்திற் கலந்து பணியாற்றினர். அங்கு மாணவராய் வேலைசெய்த ஜாக் டேஞ்சர்மொண்ட் தம் மனைவி லோராவுடன் 1969இல் கலிபோர்னியாவின் ரெட்லான்ட்ஸ் நகரில் எஸ்ரி நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் பயின்றது நிலவமைப்புக் கலை. ரொம்லின்சனும் பிஷரும் டேஞ்சர்மொண்டும் புவியியல் தகவல் முறைமையிற் பட்டம் பெற்றவரல்லர். அவ்வாறொரு பட்டம் அக்காலத்தில் உலகில் எங்கும் இருக்கவில்லை. தத்தம் துறையில் எழுந்த கேள்வியொன்றுக்கு விடை தேடியே அவர்கள் இக்கருவியை அடைந்தனர்.

பட்டமும் சான்றிதழும்

1980களிற் கணனியின் விலை குறைந்து அதன் பயன்பாடு பரவியபோது பழைய குறை மீண்டும் தலைதூக்கியது. பிரித்தானிய அரசு நியமித்த சோர்லி குழுவின் அறிக்கை 1987இல் வெளிவந்தது. புவியியல் தகவலைக் கையாளப் பயிற்சி பெற்றோர் போதாமை பெருந்தடை என அது சுட்டியது. அதற்கு முன்னரே, 1985இல், எடின்பரோப் பல்கலைக்கழகம் இத்துறையில் முதுமாணிக் கற்கையைத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் 1988இல் மூன்று பல்கலைக்கழகங்கள் இணைந்து தேசிய ஆய்வு மையமொன்றை அமைத்தன. அம்மையம் 1990இல் எழுபத்தைந்து விரிவுரை அலகுகள் கொண்ட அடிப்படைப் பாடவிதானத்தை வெளியிட்டது. பல நாடுகளின் விரிவுரையாளர் அதனைத் தழுவித் தம் பாடங்களை அமைத்தனர்.

இக்கல்வி கருவிப் பயிற்சியா, விஞ்ஞானமா என்னும் விவாதமும் உடனெழுந்தது. மைக்கேல் குட்சைல்ட் 1992இல் 'புவியியல் தகவல் விஞ்ஞானம்' என்னும் கருத்தை முன்வைத்தார். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைக் காட்டிலும், இடத்தை எண்ணாக மாற்றும்போது எது இழக்கப்படுகிறது, வழு எவ்வாறு பெருகுகிறது என்பனவே மாணவர் அறியவேண்டியவை என்பது அக்கருத்தின் சாரம். ஜோன் பிக்கிள்ஸ் தொகுத்து 1995இல் வெளிவந்த நூலோ, படத்தை ஆக்கும் அதிகாரம் யார் கையில் உள்ளது என்னும் வினாவை எழுப்பியது.

தொழில் நிலைபெற்றதும் சான்றிதழ்கள் வந்தன. 2004இல் அமெரிக்காவில் இத்துறையினருக்கான தொழில்வாண்மைச் சான்றிதழ் வழங்கும் நிறுவனம் செயற்படத் தொடங்கியது. கல்வி, அனுபவம், பங்களிப்பு என்பவற்றுக்குப் புள்ளியிட்டுச் சான்று வழங்கிய அந்நிறுவனம், 2015 முதல் பரீட்சையையும் சேர்த்துக்கொண்டது. அதே காலகட்டத்தில் எதிர்த்திசையிலும் ஓர் இயக்கம் வளர்ந்தது. 2002இற் தொடங்கிய கியூஜிஐஎஸ் என்னும் இலவசச் செய்நிரலும், 2004இற் தொடங்கிய ஓப்பின்ஸ்ரீற்மப் என்னும் பொதுப்படத் திட்டமும், பின்னர் இலவசமாக்கப்பட்ட லான்ட்சற் செய்மதிப் படங்களும் உரிமக் கட்டணம் செலுத்த இயலாதோர்க்கும் கற்கும் வழியைத் திறந்தன. முன்னர் திணைக்களத்தின் அலுமாரியிற் பூட்டப்பட்டிருந்த படத்தினை வீட்டிலிருந்தே வரையலாம் என்றாயிற்று.

இலங்கையிலும் இவ்விரு போக்குகளையும் காணலாம். 1980களிற் சுவிற்சர்லாந்தின் உதவியுடன் நில அளவைத் திணைக்களத்தில் தொலையுணர்வுத் திட்டம் நடைபெற்றது. பின்னர் சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தில் நில அளவை விஞ்ஞானமும், பேராதனைப் பல்கலைக்கழகத்திற் புவியியல் தகவல் விஞ்ஞானமும் தனிப் பட்டக் கற்கைநெறிகளாயின. யாழ்ப்பாணம் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் புவியியற்றுறைகளில் இது ஒரு பாடமாக இடம்பெற்றது. 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டம் நில அளவைச் சபையை நிறுவி, அளவைத் தொழில் புரியும் உரிமத்தை ஒழுங்குபடுத்தியது. இதனால் இரு பாதைகள் தெளிவாகப் பிரிந்தன. காணியின் எல்லையைச் சட்ட வலுவுடன் நிருணயிப்பவர் உரிமம் பெற்ற அளவையாளர். எல்லைகளையும் ஏனைய தரவுகளையும் இணைத்து ஆராய்பவர் புவியியல் தகவல் ஆய்வாளர்; அவர் புவியியல், கணனி விஞ்ஞானம், பொறியியல், விவசாயம், நகரத் திட்டமிடல் ஆகிய எத்துறையிலிருந்தும் வரலாம்.

கோடும் வாழ்வும்

இத்தொழிலுக்கு எத்தகைய கல்வி வேண்டும் என்பதனை இந்நாட்டின் அண்மைக்கால நிகழ்ச்சிகள் சில ஐயத்துக்கிடமின்றி உணர்த்தின. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் வடக்குக் கிழக்கிற் கண்ணிவெடி அகற்றும் பணி விரிவடைந்தது. அபாயப் பரப்புகளையும் துப்புரவு செய்யப்பட்ட பரப்புகளையும் பதியும் தரவுத்தளங்கள் அமைந்தன. அப்படத்தில் ஒரு கோட்டின் இப்பக்கம் கால்வைக்கத்தக்க நிலம். அப்பக்கம் கால்வைக்கலாகாத நிலம். அங்குச் சில மீற்றர் வழு என்பது பாடநூலில் வரும் புள்ளிவிபரமாக அமையாது. ஒரு சிறுவனின் காலாகவே அமையும்.

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் நேர்ந்த ஆழிப்பேரலையின் பின்னர் மற்றொன்று நிகழ்ந்தது. கடலோரத்தில் மீளக் கட்டடம் அமைப்பதைத் தடுக்கும் வலயம் 2005இல் அறிவிக்கப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என அது வரையறுக்கப்பட்டது. ஒரு கோட்டிலிருந்து குறித்த தூரத்துக்குள் அடங்கும் பரப்பைக் காணல் புவியியல் தகவல் முறைமையில் மாணவன் முதலிற் கற்கும் பயிற்சிகளுள் ஒன்று. கணனி அதனைச் சில கணங்களிற் செய்து முடிக்கும். ஆனால் அந்த 200 மீற்றருக்குள் மீனவரின் வீடும் வாடியும் வலை உலர்த்தும் மணலும் கோயிலும் சுடலையும் இருந்தன. தரை ஒடுங்கிய கிழக்குக் கரையின் சில இடங்களிற் கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட ஊர் முழுவதுமே அப்பரப்பினுள் அடங்கியது. கரை எங்கே உயர்ந்துள்ளது, எங்கே தாழ்ந்துள்ளது, அலை எதுவரை வந்தது என்பவற்றை நோக்காது தூரத்தை மட்டும் கொண்ட அவ்விதி பலத்த எதிர்ப்பின் பின்னர் தளர்த்தப்பட்டது. கோட்டைப் பிழையின்றி வரைதல் ஒரு திறன். அக்கோடு அவ்விடத்துக்குப் பொருந்துமா எனக் கேட்டல் வேறொரு திறன். முன்னையதை இயந்திரம் ஏற்றுக்கொண்டுவிட்டது. பின்னையதை மனிதனே கற்றல் வேண்டும்.

இவ்வரலாற்றிலிருந்து கல்வி வகுப்போர் கொள்ளத்தக்க முடிபுகள் சிலவுள. முதலாவது, இத்துறையின் வாயில்களை ஒடுக்குதல் அதன் இயல்புக்கு ஒவ்வாதது. அநாதை இல்லத்துச் சிறுவர், கல்லூரிக் கணித மாணவர், மலைநாட்டுப் பாடசாலை ஆசிரியர், நிலவமைப்புக் கலைஞர் எனப் பல வழியாக வந்தோரே இதனை வளர்த்தனர். கலைப்பிரிவிற் புவியியல் கற்ற மாணவனுக்குக் கணிதமும் செய்நிரலாக்கமும் கற்பித்து வழி காட்டுதல் வேண்டும். கணனி கற்றவனுக்கு நிலத்தையும் சமூகத்தையும் கற்பித்தல் வேண்டும். இரண்டாவது, இத்துறையின் நூல்களும் செய்நிரல்களும் பெரிதும் ஆங்கிலத்திலேயே இருப்பது சுயமொழியிற் பயின்று வரும் மாணவர்க்குத் தடையாகின்றது. நல்ல தமிழ்ப் பாடநூல்களும் ஒருமைப்பட்ட கலைச்சொற்களும் அத்தடையைக் குறைக்கும். மூன்றாவது, செயற்கை நுண்ணறிவு செய்மதிப் படத்திலிருந்து கட்டடங்களையும் வீதிகளையும் தானே பிரித்து வரையுமளவிற்கு வளர்ந்துவிட்டது. வெறுமனே படத்தைப் பிரதிசெய்யும் பயிற்சியை மட்டும் பெற்றவரின் வேலைக்கு முதலில் ஆபத்து வருவது அதனாலேயே. வெளிக்களக் கல்வியின் இன்றியமையாமை இதனால் மேலும் வலுப்பெறுகின்றது.

இவை நிறைவேறுதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பட்டக் கற்கையில் ஒரு பருவத்தையேனும் ஓர் ஊருக்கு ஒதுக்கலாம். மாணவர் அவ்வூரின் காணிகளைச் செய்மதிப் படத்தில் வரைந்த பின்னர், அங்குச் சென்று அக்காணிகளின் பெயர்களையும் எல்லைகளையும் உடையவரிடமே கேட்டு, தம் படத்தோடும் பழைய உறுதிகளோடும் ஒப்பிட்டு, வேறுபாடுகளைப் பதியலாம். தோம்பினை எழுதியவன் கேட்டறிந்த பெயர்களும், ஓரங்குலப் படத்தை ஆக்கியவன் நடந்தறிந்த நிலமும், கணனி தரும் துல்லியமும் அவ்வகைப் பயிற்சியில் ஓரிடத்தில் வந்து சேரும். அத்தகைய பயிற்சி பெற்றவரின் கையில் அமைந்த படமே, அப்படத்தினுள் வாழ்வோர்க்கும் பயன்படுவதாகும்.